ஆடி மாதத்து உப்பு

முப்பத்து மூன்று பாகை வெயிலில்
சாருமதி உப்பு வாங்கினாள்.
முந்நூறு தொன்.
மார்க்கம் வீதிக்குப் பின்னால், வாடகை முற்றத்தில்,
நீலத் தார்ப்பாயின் கீழ்
நோய்ப்பட்ட யானை மாதிரிப் படுத்துக் கிடந்தது அது.

டயர்க்கடைப் பொன்ராசர் எட்டிப் பார்த்து
"கருவாடு போடப் போறியளோ தங்கச்சி?" என்றார்.
அவள் விலைச்சீட்டை நாலாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்தாள்.
தை மாதம் இதே உப்பு
இரண்டரை மடங்கு.

ஐப்பசியில் சுவருக்கு ஒரு வரைபடம் வந்தது.
ஸ்கார்பரோ முழுக்க நாற்பத்தொரு தரிப்பிடம்,
நாற்பத்தொரு குண்டூசி.
பள்ளிவாசல் ரொமெலுக்கு, வெள்ளியென்றால் அதுதான் முதல்.
வாய் தெரிந்த விமலநாதனுக்கு
முறைப்பாட்டுக்காரர் குடியிருக்கும் மாடிகள்.
கதைக்காத எனக்கு
சிறுநீரகக்காரர் இரத்தம் சுத்திகரிக்க வரும் நிலையம்.
காலை ஐந்தரைக்குள் அந்தச் சாய்வுப்பாதை
கறுப்பாய்த் தெரிய வேண்டும்.

வரைபடத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
எவனுக்கு எந்த முழங்கால் நோகும்,
எவன் இடப்பக்கம் பின்வாங்கத் தடுமாறுவான்.
பகலில் நான் பெட்டி அடுக்கப் போவது
அதில் இல்லை.
நான் சொல்லவுமில்லை.

பொங்கலுக்கு அடுத்த இரவு
பதினைந்து சென்ரிமீற்றர் என்றது வானொலி.
முப்பத்தெட்டுக் கொட்டியது.
வோக்கியில் சாருமதி கத்துவதில்லை;
நிலைமை மோசமாக ஆக
குரல் கீழே இறங்கும்.
அன்றிரவு அது கிணற்றடிக்கே போய்விட்டது.
ஒவ்வொரு ட்ரக்காய்த் தேடி வந்து
ஜன்னலுக்குள் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் நீட்டி
"அடுத்தது எது?" என்று மட்டும் கேட்டாள்.
அவளுக்குத் தெரியும் அடுத்தது எதுவென்று.
எங்கள் வாயால் சொல்ல வைத்தாள்.

அலுவலகத் திரையில் ஏழு பச்சைப் புள்ளிகள்.
நாலு பத்துக்கு ஒன்று நின்றது.
முப்பத்தேழு நிமிடம்
அசையவில்லை.

அந்தப் புள்ளி நான்.

கண்ணாடியில் தட்டிய சத்தத்துக்கு விழித்தேன்.
வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது,
என் வாய் திறந்தபடி.
"அங்கால தள்ளி இருங்கோ அண்ணை."
ஏறினாள். கலப்பையை இறக்கினாள்.
உழுது பழகாத கை, முதல் வளைவில்
நடைபாதை விளிம்பைச் சுரண்டியது.
நான் பயணியாய் இருந்து பார்த்தேன்
ஆடி மாதத்து உப்பு விசிறி விழுவதை.

ஐந்து இருபத்தெட்டுக்கு
முதல் சக்கர நாற்காலி இறங்கியது.
தள்ளி வந்தவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது பாதை.

"எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?"
"நேற்றுக் காலமை நாலரைக்கு."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சம்பளத்தில் முப்பத்தேழு நிமிடம் வெட்டினாள்.
பிறகு வரைபடத்தைத் திருப்பி
என் பெயருக்குக் கீழே 'பகல் வேலை' என்று எழுதி
குண்டூசி இரண்டைப் பிடுங்கி ரொமெலுக்குக் குத்தினாள்.
"பிழை என்ரை தாளிலையும் கிடக்கு" என்றாள்
எவருக்கென்று இல்லாமல்.
அன்றிலிருந்து சாவி தர முன்
இரண்டு கேள்வி:
எண்ணெய் பார்த்தியளோ, எப்ப படுத்தனீங்கள்?

ஒரு நாள் வரைபடத்தின் முதுகில்
புதிதாய் ஒரு வரி, ரொமெலின் கோணல் எழுத்து:
சாருமதி, முப்பத்தொரு மணித்தியாலம்.
வாசித்தாள்.
அழிறப்பர் கையில்தான் இருந்தது.
அழிக்கவில்லை;
அன்று ஒன்பதுக்கே வீட்டுக்குப் போனாள்,
தொலைபேசியை விமலநாதனிடம் கொடுத்து,
இரண்டு தரம் திரும்பி வந்து.

சித்திரையில் தார்ப்பாயைத் தூக்கினோம்.
பதினொரு தொன் மிச்சம்.
பொன்ராசர் கை தட்டினார்.
அவள் ஈர உப்பை விரலால் கிள்ளிப் பார்த்து,
"பதினொன்று கூடிப்போச்சு" என்றபடி
கைப்பைக்குள்ளிருந்து
அந்தப் பழைய விலைச்சீட்டை எடுத்தாள்.